பழைய கணினியே ரவுட்டர் ஆகுமா?

கேள்வி: ஐ3 நான்காம் தலைமுறைக் கணினி, 4 ஜிபி ரேமோடு கடையில் சும்மா கிடக்கிறது. ரவுட்டராக்கலாமா? ஒரே லேன் போர்ட்தான். - வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக. இன்டெல் சிப் உள்ள இரண்டு போர்ட் பிசிஐஇ கார்டு (மதர்போர்டில் செருகும் நெட்வொர்க் அட்டை) வாங்கிப் பொருத்தி, கணினியை ரவுட்டராக்கும் இலவச மென்பொருளான ஓபிஎன்சென்ஸ் ஏற்றுங்கள். அது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுவது. சில ரியல்டெக் கார்டுகள் சுமை ஏறினால் அதில் திணறும். யூஎஸ்பி லேன் வேண்டவே வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது ஐபி முகவரியில்தான். ஃபைபர் மோடமும் 192.168.1.1, ஓபிஎன்சென்ஸின் லேனும் (வீட்டுக் கருவிகள் இணையும் பக்கம்) 192.168.1.1 என்றால் இணையம் வராது. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பயனில்லை, லேனை 192.168.10.1 என்று மாற்றுங்கள்.

வைஃபைக்குப் பழைய ரவுட்டரே போதும். அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, அதற்கு 192.168.10.2 கொடுத்து, கணினியிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் தானே எழும்ப, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) ஏசி பவர் லாஸ் என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி (நாணயம் போன்றது) செத்திருந்தால் அந்த அமைப்பு நிலைக்காது.