பணச்சலவைச் சட்டத்தில் முதலில் எதை வலுப்படுத்த வேண்டும்?

கேள்வி இதுதான்: கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் சட்டவிரோத நிதியோட்டத்தையும் தடுக்க ஒரு நாடு தன் சட்டத்தில் எதை முதலில் இறுக்க வேண்டும், சிறைத் தண்டனையைக் கூட்டினால் போதாதா?

போதாது. வங்கி ஒன்றில் சந்தேகப் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். பிடிபட்டால்தானே தண்டனை? பணம் யாருடையது என்றே தெரியாதபோது ஏழு வருடச் சிறை என்று எழுதினால் என்ன, பதினான்கு என்று எழுதினால் என்ன? கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை மறைக்க முடியாதபடி செய்வதுதான் முதல் வேலை.

நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காகிதத்தில் அது ஏற்றுமதி நிறுவனம். காலையில் பெரிய தொகை வரும், மாலைக்குள் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். சரக்கு எதுவும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. பங்குகள் யாரிடம் என்று தேடினால் வேறொரு நாட்டுக் கம்பெனி வந்தது. அதன் பங்குகள் மூன்றாவது நாட்டில் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தன. அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வழியில்லை. வங்கிகளின் சந்தேக அறிக்கைகளைப் பெற்று ஆராயும் அரசு அமைப்பான நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிய அறிக்கையில், உரிமையாளர் என்ற கட்டத்தில் 'கண்டறிய இயலவில்லை' என்று என் கையாலேயே நிரப்பினேன். இன்றும் அது உறுத்துகிறது.

பினாமி என்ற சொல் நமக்குப் பழகியதுதான். முன்பு உறவுக்காரர் பெயரில் சொத்து, இப்போது கம்பெனி பெயரில். 2016இல் வெளிவந்த பனாமா ஆவணங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்தவை 1.15 கோடி ஆவணங்கள், அவற்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள்.

அதே 2016இல் பிரிட்டன், கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆட்களின் பதிவேட்டை எல்லோரும் பார்க்கும்படி திறந்தது. நல்ல முயற்சி. ஆனால் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் பெயரைத் தந்தால் போதும் என்பது அடிப்படை விதி. நான்கு பேர் ஆளுக்குச் சரியாக 25 சதவீதம் எடுத்துக்கொண்டால், பங்குக் கணக்கை மட்டும் வைத்து யார் பெயரும் பதிவேட்டில் ஏறாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. தரும் தகவல் உண்மையா என்று சரிபார்க்கும் அதிகாரம் பதிவாளருக்குப் போதுமான அளவில் இல்லை. 2023இல் புதுச் சட்டம் கொண்டுவந்துதான் அதைத் தந்தார்கள். ஆகவே பதிவேடு தொடங்குகிறோம் என்று ஓர் அரசு அறிவித்தால், சரிபார்ப்பது யார், பொய் சொன்னால் என்ன நடக்கும் என்று உடனே கேளுங்கள்.

முன்னே வந்த நாடுகள் வந்த வழியே திரும்பிப் போவதும் நடக்கிறது. கம்பெனிகள் தங்கள் உண்மையான உரிமையாளரைச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கா 2021இல் சட்டம் போட்டது, 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022 நவம்பரில், பதிவேட்டைப் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்து வைப்பது தனியுரிமைக்கு எதிரானது என்று சொன்னது. தனியுரிமைக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வங்கிக்கும் புலனாய்வாளருக்கும் செய்தியாளருக்குமாவது அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

அப்புறம், இந்த அடுக்குகளைக் கட்டித் தருபவர்கள் யார்? வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், சொத்துத் தரகர்கள். பெரும்பாலானோர் நேர்மையாகத்தான் தொழில் செய்கிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் யார் என்று விசாரிக்கும் கடமை வங்கிக்கு மட்டும் இருந்தால், பணம் பக்கத்து வாசல் வழியாக நுழைந்துவிடும். பணச்சலவைத் தடுப்புக்கு உலக நாடுகளுக்கான விதிமுறைகளைப் பரிந்துரைக்கும், 1989இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF), 2003லேயே இவர்களையும் தன் பரிந்துரைகளுக்குள் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2024இன் இறுதியில். இடையில் 21 வருடங்கள்!

பயங்கரவாத நிதியை இதோடு போட்டுக் குழப்பக் கூடாது. பணச்சலவையில் அழுக்குப் பணம் சுத்தமாகத் தெரிய வேண்டும். பயங்கரவாத நிதியில் பெரும்பாலும் சுத்தமான பணமே கெட்ட காரியத்துக்குப் போகிறது, தொகையும் சிறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் செலவானது 4 முதல் 5 லட்சம் டாலர் என்று விசாரணை ஆணையம் கணக்கிட்டது. பெரிய தொகைகளை மட்டும் தேடும் விதி இதைப் பிடிக்காது. அதற்காகத் தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கும் அரசுகளும் இருக்கின்றன. அது அநியாயம். அந்தப் பணிக்குழுவே 2023இல் தன் பரிந்துரையைத் திருத்தி, ஆபத்து இருக்கும் இடத்தில் மட்டும், ஆபத்துக்கு ஏற்ற அளவில் நடவடிக்கை எடுங்கள் என்று தெளிவுபடுத்தியிருக்கிறது.

சொத்துப் பறிமுதலும் முக்கியம்தான். அயர்லாந்து 1996இல் அமைத்த அமைப்பு, குற்றத் தீர்ப்புக்குக் காத்திராமல் சிவில் நீதிமன்றம் மூலமாகவே குற்றச் சொத்தை முடக்குகிறது. வலுவான கருவி. நீதிமன்றத்தின் கண்காணிப்பு இல்லாமல் அதை எந்த அரசின் கையிலும் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது, அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று 2018இல் வங்கியே வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அங்கே வேலை பார்த்த ஒருவர் 2013 டிசம்பரிலேயே மேலிடத்துக்கு எழுதி எச்சரித்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போனார், பணம் மேலும் சில காலம் ஓடியது. என் பழைய பிரிவிலும் சந்தேகத்தை மேலே சொல்லத் தயங்கியவர்கள் இருந்தார்கள், சில நாட்கள் நானும் தயங்கியிருக்கிறேன். உள்ளிருந்து சொல்பவரின் வேலைக்கும் பெயருக்கும் பாதுகாப்பு தரும் பிரிவு உங்கள் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.