கீபோர்டின் இடது கை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று வருடமாக பேஸ் கிதார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிப்பேன். என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய நான்கு கம்பி ஜாஸ் பேஸ். கம்பி இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடுகிறது. கோயில் கொடை, கல்யாணம் என்று வெளியே போனால் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாடுகிறவர்களோ பேஸைக் குறை என்கிறார்கள். போன மாதம் எங்கள் குழுத் தலைவர், "கீபோர்டிலேயே இடது கையால் பேஸ் வாசித்துவிடலாம், ஓர் ஆள் சம்பளம் மிச்சம்" என்று சொல்லிவிட்டார். ஐந்து கம்பி பேஸ் வாங்கினால் சத்தம் கனமாக இருக்கும், என்னை விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 45,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணம் பத்திரமாக இருக்கட்டும்.

நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி ஈ (E), 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. ஐந்தாவதாக வரும் பி (B) கம்பி 31 ஹெர்ட்ஸ். கொடைக்கு வரும் மைக் செட்காரர் கட்டுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூச்சுத் திணறும். நீங்கள் எதிர்பார்க்கிற கனம் அந்தக் கம்பியிலிருந்து ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. ஐந்து கம்பிக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. பாடகருக்காகப் பாட்டை இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு இறக்கினால், உங்கள் அடிக்கம்பி மூன்று கட்டையிலேயே நின்றுவிடும். ஆதார ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் பிடிக்க வேண்டிவரும், பாட்டு காலூன்றாதது போல இருக்கும். ஒரு கச்சேரியில் நாலைந்து பாட்டு அப்படி வந்தால் அப்புறம் யோசிக்கலாம். அதுவரை அந்தப் பாட்டுகளுக்கு அடிக்கம்பியை இரண்டு கட்டைக்குத் தளர்த்தி வாசியுங்கள். தளர்த்தும்போது சுருதிக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் பாட்டு நடுவில் நழுவும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இடது கை விஷயம். பதினெட்டு வருடம் பேஸ் வாசித்தவன் நான், இதே பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விருதுநகர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. அப்போது என்னிடம் இருந்தது 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ். ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தில் சத்தம் கரகரத்து, கொஞ்ச நேரத்தில் அடியோடு நின்றுவிட்டது. கீபோர்டு, தபலா, டிரம்ஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் திரும்பிப் பார்த்தவர் பாடகி. ஒவ்வொரு மேடையிலும் பேஸைக் குறைக்கச் சொல்பவர் அவர்தான். பாடிக்கொண்டே இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி விரல்களை அசைத்தார். ஏற்று, ஏற்று. அவர் குரல் அதற்குள் இம்மி அளவு மேலே ஏறியிருந்தது. நிற்பதற்குத் தரை இல்லாமல் போனதுதான் காரணம்.

கீபோர்டு வாசிப்பவரின் இடது கையால் ஆதார ஸ்வரத்தைத் தட்ட முடியும். ஆனால் வலது கையில் வயலின் வரிசையும் புல்லாங்குழலும் மாறி மாறி வரும்போது இடது கை எளிய வழியைத்தான் தேடும். இளையராஜா பாடல்களில் பேஸ் வெறும் ஆதார ஸ்வரம் அல்ல. பாடுகிறவருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டிருக்கும். அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் பேஸை ஹெட்போனில் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் கேளுங்கள். ஒரு பாட்டின் பேஸ் வரியை வாயால் பாட வந்த பிறகு கிதாரைத் தொடுங்கள்.

பேஸைக் குறை என்று பாடுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் சத்தம் கூடிப்போவதில்லை, ஸ்வரம் நீண்டுவிடுகிறது. தொட்டுவிட்டு விட்டுவிட்டால் கம்பி தன்பாட்டில் ஒலித்துக்கொண்டே இருக்கும், பலகை மேடை அதைப் பிடித்து முழங்கும். டிரம்மரின் கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்) விழும்போது ஸ்வரத்தைத் தொடங்குங்கள், ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழும்போது இடது கையைத் தளர்த்தி நிறுத்துங்கள். டிரம்மரோடு தினமும் இருபது நிமிடம் இதை மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஆம்ப்பை மேடைப் பலகையில் வைக்காமல் நல்ல உறுதியான ஸ்டூலில் ஏற்றிவையுங்கள். ஆம்ப்பில் பேஸ் திருகைக் குறைத்து, நடு ஒலிகளுக்கான மிட் திருகைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கூட்டத்தின் இரைச்சலுக்குள் உங்கள் ஸ்வரம் எது என்று காதுக்குச் சொல்வது மிட்தான்.

இனி துரு. கடற்கரை ஊர், வியர்வையிலும் உப்பு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாற்றமாட்டார் என்று எங்கோ கேட்டுவிட்டுத் துருக்கம்பியோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் போட்டிருந்தது தட்டையாகச் சுற்றிய தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பி. பழையதாகும்போது அது மங்கும், அந்த மங்கலைத்தான் அவர் விரும்பினார். துரு வேறு விஷயம். அது கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளை, அதாவது ஃப்ரெட்டை, அரம் போல அறுக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள். உங்கள் ஊருக்கு ஃப்ளாட்வவுண்ட் நன்றாக ஒத்துவரும் என்பது என் எண்ணம். விலை கூட, ஆனால் நாள்பட உழைக்கும். பழைய பாட்டுகளுக்கு அந்த உருண்டையான நாதம்தான் பொருத்தம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நெக் (கிதாரின் கழுத்து) வளைகிறதா என்றும் பாருங்கள். அடிக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் நெக்கை நிமிர்த்தும் உள்கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திருகிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

இரைச்சலுக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் அடிக்கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், ஜி (G) ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் நீங்கள் வாசிக்கும் ஸ்வரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது. ஜாஸ் பேஸில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு உண்டு, இரண்டின் வால்யூமையும் முழுதாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைச் சற்றே குறைத்தாலும் இரைச்சல் திரும்பிவிடும். அப்புறம் கம்பியைக் கையால் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிதாருக்குள் எர்த் சரியாக இருக்கிறது. குறையவே இல்லையென்றால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கலாம், பற்றவைத்தால் போதும்.

கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் வாய் வைக்கும்போது சுள்ளென்று இழுத்தால் அன்று வாசிக்காதீர்கள். ஜெனரேட்டர் மேடைகளில் எர்த் கம்பி அடிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றினால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், தம்பி. உயிர் போகிற காரியம் அது. கிதாரை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்று வாங்கி அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் பயன்படுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும்தான் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. ஆம்ப்பும் மிக்ஸரும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

பின்னால் ஐந்து கம்பி வாங்கினால் அது ஆக்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். விருதுநகரில் அன்று மதியம் நான் கேபிளைப் பிடுங்காமல் சாப்பிடப் போயிருந்தேன்.

குழுத் தலைவரிடம் வாதம் செய்ய வேண்டாம். அடுத்த ஒத்திகையில் பெட்டிகளைக் கட்டிவைத்து, ஒரே பாட்டை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள், முதலில் கீபோர்டின் இடது கையோடு, அப்புறம் உங்களோடு. அவரைக் கடைசி வரிசையில் போய் நின்று கேட்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து காட்டாதீர்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. அதற்கு இரண்டு நாள் முன்பே புதுக் கம்பி போட்டுவிடுங்கள், இழுபட்டு நிலைக்க அவ்வளவு நேரம் வேண்டும். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.