ஆங்கிலத்தில் விலைகளை ஒப்பிடும்போது ‘எக்ஸ்பென்சிவ் பிரைஸ்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பொருள்தான் எக்ஸ்பென்சிவ் அல்லது சீப். விலை என்றால் ஹை அல்லது லோ. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்களும் திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்து, பையருக்கு, அதாவது வெளிநாட்டில் நம்மிடம் வாங்குபவருக்கு, மெயில் எழுதத் திணறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து எட்டாவது மாதம். குழந்தைகள் டீ-ஷர்ட், 6,000 பீஸ். நூல், நிட்டிங், சாயம், தையல் தொடங்கி தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றுவது வரை எல்லாச் செலவும் அடங்கிய எஃப்.ஓ.பி. விலையைக் கணக்குப் போட்டுப் பேசி முடித்தாயிற்று. அதற்குப் பிறகு, கழுத்தின் உட்புறம் லேபிளுக்குப் பதிலாக பிரிண்ட் போட முடியுமா என்று பையர் கேட்டார். போடலாம், அதற்குத் தனியாகக் காசு ஆகும் என்று சொல்ல நினைத்து, ‘வீ கேன் டூ இட் அட் காஸ்ட்’ என்று எழுதி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் நன்றி சொல்லிப் பதில் வந்தது. பிரிண்டிங் யூனிட்டின் பில்லையும் அனுப்பச் சொல்லியிருந்தார்.

முதலாளி அந்த மெயிலைத் தாளில் எடுத்து, ‘அட் காஸ்ட்’ என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டு என் மேசையில் வைத்தார்.

“ஏம்மா, அசலுக்கே போட்டுத் தருகிறோம் என்று யாரைக் கேட்டு எழுதினாய்?”

“இல்லைங்க அண்ணா, காசு ஆகும் என்றுதான் எழுதினேன்.”

‘அட் காஸ்ட்’ என்றால் லாபம் வைக்காமல், அடக்க விலைக்கே என்று பொருள். நான் எழுதியிருக்க வேண்டியது ‘அட் எக்ஸ்ட்ரா காஸ்ட்’. பீஸுக்கு 4 ரூபாய் லாபம் நின்றிருக்கும். மொத்தம் 24,000 ரூபாய். அன்று என் மாதச் சம்பளம் 11,000. எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது என்று முதலாளி அசலுக்கே போட்டுக் கொடுத்தார். என் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு பையர்களின் மெயில்களில் விலை வரும் வரிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மலிவாக வாங்கினோம் என்பது நமக்குப் பெருமை. அவர்களுக்கு ‘சீப்’ என்றால் தரம் மட்டம் என்ற வாடையும் சேர்ந்தே வரும். விற்கிற நாம் ‘காம்பெட்டிட்டிவ் பிரைஸ்’ என்று எழுதுவதுதான் நல்லது. ‘காஸ்ட்லி’ என்று நாம் சேலையைச் சொல்கிறோம். அவர்கள் அதை அதிகமும் தவறோடும் தாமதத்தோடும் சேர்க்கிறார்கள், ‘காஸ்ட்லி மிஸ்டேக்’, ‘காஸ்ட்லி டிலே’ என்று. இரண்டு மடங்கு விலைக்கு ‘ட்வைஸ் தி பிரைஸ்’, பாதி விலைக்கு ‘ஹாஃப் தி பிரைஸ்’. ‘டூ டைம்ஸ் சீப்பர்’ என்று எழுதினால் கணக்கே குழம்பும். இன்னொன்று, மற்ற கம்பெனியை விட எங்கள் விலை குறைவு என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் விலையை விலையோடுதான் ஒப்பிட வேண்டும், கம்பெனியோடு அல்ல.

‘சீப் பிரைஸ்’ என்று ஆங்கிலேயரே பேசுகிறார்களே என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். பேசுகிறார்கள், நான் மறுக்கவில்லை. பேச்சில் அவர்களுக்குச் செல்லுபடியாவது நம் மெயிலில் பிழையாகத் தெரியும். நான் தமிழ்வழியில் படித்தவள். இலக்கணம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை, பட்டதைச் சொல்கிறேன்.

ஒப்பிடுவது என்றதும் எனக்கு இன்னொன்றும் மனதில் வருகிறது. பையர்கள் பத்து சென்ட் காசு வித்தியாசத்துக்காக மூன்று நாட்டு விலைகளை அடுக்கிப் பார்க்கிறார்கள். சோமனூர்ப் பக்கம் என் அப்பா கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக்குக் கரண்ட் பில் எவ்வளவு ஏறியது, கூலி எவ்வளவு ஏறியது என்று எவரும் ஒப்பிட்டதில்லை. நூல் கொடுத்து நெய்ய வைப்பவர்கள், பேசி ஒப்புக்கொண்ட கூலியையே குறைத்துத் தந்ததும் உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, ‘ரேட்’ என்ற சொல்லைப் பார்த்துப் போடுங்கள். நாம் தக்காளிக்கும் ரேட் என்போம். அவர்கள் வட்டி, நாணய மாற்று, மணிக்கூலி போன்றவற்றுக்குத்தான் ரேட் என்கிறார்கள். சட்டைக்கு பிரைஸ் என்றே எழுதுங்கள்.