சிறுதட்டு: எண்ணிக்கை வேறு, வேலை வேறு

டொக்டர், எனக்கு பிளேட்லட் 4 இலட்சம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இரத்தக்கட்டி வருமா? (ஹட்டன்)

பிளேட்லட் என்பது இரத்தம் உறைய உதவும் சிறுதட்டு. ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 1.5 முதல் 4.5 இலட்சம் வரை இருப்பது வழமைதான். பயப்பட வேண்டாம். டெங்குக்கு நாள்தோறும் பார்ப்பதும் இந்த எண்ணிக்கையைத்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். யார் எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்பது தராசில் நிறுத்தால்தான் தெரியும். சிறுதட்டும் அப்படியே.

அப்படியானால் அதன் வேலையை எப்படி அளப்பது? இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினால் போதுமா? (தலவாக்கலை)

1962இல் குஸ்தாவ் போர்ன் என்ற விஞ்ஞானி லண்டனில் கண்டுபிடித்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இரத்தத்தை மெதுவாகச் சுழற்றினால் மேலே கலங்கலான திரவம் நிற்கும். சிறுதட்டுகள் அதில்தான் மிதக்கின்றன. அதற்குள் ஒளியைப் பாய்ச்சிக்கொண்டே, சிறுதட்டைத் தூண்டும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் திரள திரவம் தெளியும், ஒளி கூடுதலாக ஊடுருவும். எவ்வளவு தெளிகிறதோ அவ்வளவு சுறுசுறுப்பு.

ஆனால் இரத்தம் எடுத்து 4 மணித்தியாலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது, குலுங்கவும் கூடாது. நம் வளைவுப் பாதைகளில் போத்தலை அனுப்பி வைத்தால் கிடைக்கும் முடிவை நான் நம்பமாட்டேன். ஆளே நேரில் போவதுதான் சரி.

மாமியாருக்கு இதயக் குழாயின் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்து நான்கு மாதம். அஸ்பிரினும் குளோபிடோகிரலும் போடுகிறார். மலையில் அட்டை கடித்தால் இரத்தம் நிற்பதேயில்லை. குளிசையை நிறுத்தலாமா? (மஸ்கெலியா)

இந்த இரண்டு குளிசையும் சிறுதட்டுகள் ஒட்டித் திரள்வதைத் தடுப்பவை. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உறைந்து மாரடைப்பு வரலாம். அட்டையின் எச்சிலிலேயே இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் போன்ற பொருள் இருக்கிறது. சிறுதட்டு காயத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. குளிசை போடாதவருக்கும் வெகுநேரம் கசியும். கழுவிவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, பல் முரசில் இரத்தம் கசிந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

“டெஸ்ட் செய்து குளிசையைக் கூட்டிக் குறைக்கலாமா” என்றும் கேட்டிருந்தீர்கள். குளோபிடோகிரல் ஈரலில் மாறிய பிறகே வேலை செய்யும்; சிலருடைய பரம்பரை அமைப்பில் அது சரியாக மாறாது. அதனால் அந்த எண்ணம் நியாயமானதே. ஆனால் பிரான்சில் 2,440 பேரிடம் அப்படிச் செய்து பார்த்து 2012இல் வெளியான ஆய்வில் நன்மை தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் இது தேவையில்லை. ஒழுங்காகக் குளிசை போட்டும் மறுபடி அடைப்பு வந்தவர் போன்றோருக்கு இதய வைத்தியர் கேட்கக்கூடும்.

அஸ்பிரின் போடும் நான் மேல்வலிக்கு புரூஃபன் போடலாமா? (பதுளை)

அஸ்பிரின் சிறுதட்டில் பற்ற வேண்டிய இடத்தை புரூஃபனில் உள்ள இபுபுரோஃபன் முந்திப் பிடித்துக்கொள்ளும், அஸ்பிரின் வீணாகும். வயிற்றுப் புண் ஆபத்தும் கூடும். பரசிற்றமோல் நல்லது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. இந்த டெஸ்ட் செய்யவா? (பண்டாரவளை)

வேண்டாம். கால் நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டியை இது காட்டாது, அதற்கு ஸ்கேன் வேண்டும். இன்றே போங்கள். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.