தையல் ஆறாமல் கீமோ தள்ளிப்போனால் கட்டி திரும்ப வளருமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 54, எடை 60 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. தையல் ஓரத்தில் ஓரிடம் பிரிந்து நீர் கசிவதால் கீமோவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஆறாத புண் கட்டியை வளர்த்துவிடுமா?

பதில்: பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு, ஆனால் முடிவு தவறு. புண்ணை ஆற்ற உடல் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கட்டியும் பயன்படுத்திக்கொள்கிறது. புதிய ரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் வி.இ.ஜி.எஃப் அவற்றில் முக்கியமானது. இதனால்தான் கட்டிகளை ‘ஆறாத புண்கள்’ என்று 1986-ல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹரால்ட் ட்வோராக் எழுதினார். வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து புண் ஆறுவதையும் தடுக்கும். எனவே பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அதைக் கொடுப்பதில்லை.

அறுவைப் புண்ணால் எழும் அழற்சி, நோய் எதிர்ப்பு அணுக்கள் அடக்கிவைத்திருந்த கட்டியை வேறோர் இடத்தில் வளரவிட்டதை 2018-ல் எலிகளில் கண்டார்கள். அழற்சி தணிக்கும் மாத்திரை கொடுத்தபோது அது குறைந்தது. மனிதர்களில் கதை அவ்வளவு நேரானதல்ல. மார்பக அறுவையின்போது கீட்டோரோலாக் என்ற அழற்சி தணிக்கும் வலி மருந்தை ஒரு தவணை கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. எனவே வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் கெடலாம். கட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வளர்ச்சிக் காரணிகள் ஓயாமல் சுரந்திருக்கும். புண் ஆறினால் அவை அடங்கும்.

கீமோ பொதுவாக அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரத்தில் தொடங்கும். இன்னும் நேரம் இருக்கிறது. 90 நாளைத் தாண்டினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவதாக ஓர் ஆய்வு காட்டுகிறது. கீமோ வெள்ளை அணுக்களைக் குறைக்கும், திறந்த புண்ணில் கிருமி ஏறும், காத்திருப்பது இதற்காகத்தான். பிரிந்தது மேல்தோல் மட்டுமா, அடியிலும் குழி இருக்கிறதா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். மேலோட்டமான சிறு பிரிவு என்றால் முழுதும் ஆறும்வரை காக்காமல் சிலர் தொடங்கிவிடுவார்கள்.

இப்போதைக்குச் சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் இருக்கட்டும். முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதுதான் நம் வீடுகளில் அதிகக் கெடுதல் செய்கிறது. அம்மாவுக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பதே 6 கிராம்தான். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.) புண்ணிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய் (டிரெயின்) இன்னும் இருந்தால், வடியும் நீர் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலும் எடுப்பார்கள். தோலடியில் நீர் கோத்துப் பொம்மினால் அழுத்திப் பிதுக்காதீர்கள்; மருத்துவமனையில் ஊசியால் எடுப்பார்கள். மஞ்சளும் பவுடரும் புண்மேல் வேண்டாம்.

100.4 டிகிரி காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், நாற்றம் இருந்தால் அன்றே காட்டுங்கள். தழும்பில் கெட்டியாக ஏதாவது முளைத்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஊசி வைத்துப் பரிசோதிப்பார்கள்.