விறகின் பாரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 10, 11க்கு விஞ்ஞானமும் உயர்தரத்துக்கு உயிரியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். நியமனம் கிடைத்து இரண்டு வருடமாகிறதாம். "பிள்ளைகள் ஒளித்தொகுப்பின் வரைவிலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறார்கள், சமன்பாடும் எழுதுகிறார்கள். ஆனால் மரம் தன் சாப்பாட்டை எங்கிருந்து எடுக்கிறது என்று சும்மா கேட்டால் மண்ணிலிருந்து, பசளையிலிருந்து என்கிறார்கள். பாதிப்பேர் ரியூசனில் முன்னமே படித்துவிட்டு வருவதால் வகுப்பில் காது கொடுப்பதும் இல்லை. 38 பிள்ளைகள், ஒழுங்காக வேலை செய்வது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. உயிரியல் கற்பித்தலில் எவ்வளவோ ஆராய்ச்சி நடக்கிறது என்கிறார்கள், அதில் என் வகுப்புக்கு உதவுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? சிலபஸ் முடிக்கவும் வேண்டுமே."

இருக்கிறது, தங்கச்சி. காசு செலவில்லாமல் செய்யக்கூடியதே நிறைய இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பிள்ளைகள் மொக்குப் பிள்ளைகள் இல்லை. 1990களில் அமெரிக்காவில் ஹாவர்ட், எம்ஐரி பட்டதாரிகளிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, இந்தச் சின்ன விதை இவ்வளவு பெரிய கட்டையாக வளர்ந்ததே, இந்தப் பாரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். தண்ணீர், மண், மண்ணிலுள்ள கனியுப்பு என்றுதான் பலரும் சொன்னார்கள். அவர்களும் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டை எத்தனையோ தடவை எழுதிச் சித்தியடைந்தவர்கள்தான்.

ஏன் இப்படி? டேவிட் ஓசுபெல் என்ற உளவியலாளர் 1968இல் சொன்னதைத்தான் இந்தத் துறையில் இன்றைக்கும் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறார்கள்: கற்றலை எல்லாவற்றையும்விடக் கூடுதலாகத் தீர்மானிப்பது பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது, அதைக் கண்டுபிடித்து அதற்கேற்பப் படிப்பியுங்கள் என்று. உங்கள் வகுப்புப் பிள்ளை வெறும் தலையோடு வரவில்லை. அப்பா தோட்டத்துக்கு இறைக்கிறார், பசளை போடுகிறார், பத்து நாளில் வெங்காயத் தாள் கரும்பச்சையாக எழும்புகிறது, கடைக்காரரும் அதைப் பயிருக்குச் சாப்பாடு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார். இவ்வளவையும் கண்ணால் கண்ட பிள்ளைக்கு மண்தான் சாப்பாடு என்பது அனுபவம் சொல்லிக் கொடுத்த முடிவு. அதன் மேலே நாங்கள் ஒரு வரைவிலக்கணத்தைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று பரீட்சைக்கு, மற்றது வாழ்க்கைக்கு. 1982இல் ஜோர்ஜ் போஸ்னரும் அவருடன் மூவரும் இதைப் பற்றி எழுதியபோது, பழைய கருத்து போதாது என்று பிள்ளைக்கே முதலில் தோன்ற வேண்டும், பிறகு புதிய கருத்து விளங்க வேண்டும், நம்பக்கூடியதாக இருக்க வேண்டும், வேறு இடத்திலும் உதவ வேண்டும் என்றார்கள். நாங்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தொடங்குகிறோம், முதலாவதைத் தொடுவதே இல்லை.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது? ஒரு விறகுத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றும் விளக்காமல், இந்த விறகின் பாரம் பெரும்பாலும் எதிலிருந்து வந்தது என்று கேட்டு, மண், தண்ணீர், சூரிய ஒளி, காற்று என்ற நாலையும் பலகையில் எழுதுங்கள். கை தூக்கச் சொல்ல வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பிழையான விடை சொல்வதற்கு வெட்கப்படுவார்கள், கெட்டிக்காரப் பிள்ளை எதற்குத் தூக்குகிறது என்று பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். பேர் போடாமல் ஒரு துண்டில் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். ரியூசனில் படித்துவிட்டு வந்து காது கொடுக்காமல் இருக்கும் பிள்ளையும் இந்த இடத்தில் கட்டாயம் நிமிர்ந்து உட்காரும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அங்கே கொடுத்த நோட்ஸில் விடை இல்லை.

துண்டுகளை எண்ணி முடிவைப் பலகையில் போட்டுவிட்டு, வான் ஹெல்மொண்டின் பரிசோதனையைக் கதையாகச் சொல்லுங்கள். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இருக்கிறது. 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்று ஒன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 169 இறாத்தலாகிவிட்டது, மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ் அளவுதான். இதோடு மண் என்று எழுதியவர்களுக்குக் கால் தடுமாறும். பெரிய எண்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று செக்கன் பொறுத்தால் போதும், பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் வாய் திறப்பார்கள்.

வான் ஹெல்மொண்டே எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று பிழையாகத்தான் முடித்தார், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், தண்ணீர் என்று எழுதிய பிள்ளைக்கு அது ஒரு ஆறுதல். பிறகு அடுப்படிக்கு வாருங்கள். காய்ந்த விறகை எரித்தால் எஞ்சுவது ஒரு சிரட்டைச் சாம்பல். மண்ணிலிருந்து வந்த கனியுப்புகளின் பங்கு கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிச்சம் புகையாகவும் வாயுவாகவும், எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விட்டது. காய்ந்த மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி காபன், அந்தக் காபன் முழுக்க இலைவாய்க்குள்ளால் நுழைந்த காபனீரொட்சைட்டிலிருந்து வந்தது. சூரிய ஒளி என்று எழுதியவர்களைக் கவனமாகக் கையாளுங்கள், அவர்கள் சக்தியையும் சடப்பொருளையும் குழப்புகிறார்கள், ஒளி அந்தத் தொகுப்பைச் செய்வதற்கான சக்தியைக் கொடுக்கிறது, ஆனால் தராசில் நிறுக்கிற பாரத்தை அது கொடுப்பதில்லை.

இதோடு விட்டுவிட வேண்டாம். தை மாதம் பனங்கிழங்கு பிடுங்கும் காலத்தில் இன்னொரு கேள்வி கேளுங்கள்: பாத்திக்குள் கிடந்த கொட்டையிலிருந்து, பெரும்பாலும் ஒரு பச்சை ஓலைகூட வெளியே விரிய முன்னமே, இவ்வளவு மாப்பொருளோடு கிழங்கு எப்படி வந்தது? ஒளித்தொகுப்பு என்று உடனே எழுதும் பிள்ளை யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். கொட்டையை வெட்டி அந்தப் பஞ்சுபோன்ற பூரானைக் காட்டுங்கள், எல்லாரும் சாப்பிட்டது, ஒருவரும் என்னவென்று பார்த்திராதது. வித்தகவிழையத்தில், அதாவது கொட்டைக்குள் உணவு சேர்ந்திருக்கும் பகுதியில், உள்ள உணவைக் கரைத்து உறிஞ்சி வளரும் நாற்றுக்குக் கடத்துகிற பாகம் அது. அந்த உணவு தாய்ப்பனையின் ஓலையில் ஆகிவந்தது, ஓலைக்கு அது காற்றிலிருந்து. ஒரு கருத்தை முன்பின் தெரியாத இடத்தில் பாவிக்கத் தெரிந்தால்தான் அது பிள்ளையினுடையது, உங்கள் கடிதத்தில் சும்மா கேட்டால் மாட்டுப்படுகிறார்கள் என்று சொன்னீர்களே, அதற்கு மருந்து இதுதான்.

நாங்கள் பேசும் சொற்களும் பிள்ளையைக் குழப்புகின்றன, இதைப் பற்றி நாங்கள் போதியளவு யோசிப்பதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்து எங்களுக்கு நல்ல கலைச்சொல் மரபு இருக்கிறது. ஒளித்தொகுப்பு என்ற சொல்லையே பாருங்கள், ஒளியைக் கொண்டு தொகுப்பது என்று தானே சொல்லிவிடுகிறது, பிள்ளையிடம் எதை எதோடு தொகுக்கிறது என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. ஆனால் சுவாசம் அப்படியில்லை. வீட்டில் அதற்கு மூச்சு என்று பொருள், வகுப்பில் கலத்தினுள்ளே இழைமணி என்ற நுண்ணிய பாகத்துக்குள் நடக்கிற சக்தி வெளியேற்றம். அதனால்தான் தாவரம் இரவில் மட்டும் சுவாசிக்கும், பகலில் ஒளித்தொகுப்புச் செய்யும் என்று மாறி மாறி வேலை செய்வதுபோல எழுதுகிறார்கள், இந்தப் பிழை உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. மூச்சுவிடுதல் என்றும் கலச்சுவாசம் என்றும் எப்போதும் பிரித்தே சொல்லுங்கள், ஒரு தவணை முழுக்க.

இன்னொன்று அந்த "க்காக". கள்ளி தண்ணீரைச் சேமிப்பதற்காக இலையை முள்ளாக்கிக்கொண்டது என்று நாங்களே சொல்கிறோம். ஜோன் கோலி, கிம்பர்லி ரானர் இருவரும் 2012இல் எழுதிய கட்டுரையில், இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கத்தை ஏற்றிப் பார்ப்பது மனித மனத்துக்கு இயல்பான பழக்கம், உயிரியலில் தனித்தனியாகத் தெரிகிற பல பிழைகளுக்கு அடியில் இதுவே கிடக்கிறது என்று விளக்கினார்கள். கூர்ப்புப் பாடத்துக்கு வரும்போது பிள்ளை தடுக்கி விழுவது இதில்தான். முள்ளாகக் குறுகிய இலை உள்ளவை வறட்சியில் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தப்பிப் பெருகின என்று சொன்னால் வசனம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

செய்முறை பற்றிக் கேட்கவில்லை, ஆனால் ஒரேயொரு நுணுக்குக்காட்டி என்று கவலைப்படுகிறீர்கள். இங்கிலாந்தில் இயன் ஏப்ரகாம்ஸ், ரொபின் மில்லர் இருவரும் 25 விஞ்ஞானச் செய்முறைப் பாடங்களை நேரில் பார்த்து 2008இல் எழுதினார்கள்: சொன்னதைக் கையால் செய்ய வைப்பதில் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள், அதை வைத்துச் சிந்திக்க வைப்பதில் அவ்வளவு இல்லை என்று. நான் படிப்பித்த காலத்தில் ஒரு பெடியன் வெங்காய மேற்றோலைப் பார்த்து வரைந்த படத்தில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அழகாகப் பச்சைப் புள்ளி வைத்திருந்தான். கலர்ப் பென்சிலைக் கூராகச் சீவி வைத்த புள்ளிகள். புள்ளி தெரிந்ததா என்று கேட்டேன், "புத்தகத்தில் இருக்குது ரீச்சர்" என்றான். கண்ணால் கண்டதை விட்டுவிட்டுப் புத்தகப் படத்தை வரைந்திருக்கிறான். அன்றிலிருந்து, கண்ணாடித் தட்டை வைக்க முதலே, வெங்காயக் கலத்தில் பச்சையவுருமணி தெரியுமா தெரியாதா, ஏன் என்று எழுத வைப்பேன். மண்ணுக்குள் இருந்த குமிழ் என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் செம்பாட்டு மண் சின்ன வெங்காயத்தில் காய்ந்த தோலுக்குக் கீழே உள்ள சதைப்பற்றான இதழின் வெளி மேற்றோல் இன்னும் வசதி, அந்த ஊதாச் சாறு இருப்பதால் சாயம் போடாமலே, உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டதும் கலத்துக்குள் சுருங்குவது தெரியும். கண்வில்லைக்கு மேலே கைபேசிக் கமராவைப் பிடித்துப் படமெடுத்தால் ஒரு நுணுக்குக்காட்டி 38 பேருக்கும் போதும்.

இனி நினைவில் நிற்பது பற்றி. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு நாலு தடவை வாசித்தது, மற்றப் பிரிவு ஒரு தடவை வாசித்துவிட்டு மூன்று தடவை தாளில் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்து, வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 61 சதவீதம். எங்கள் பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழும்பிக் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டுப் படிக்கிறார்கள், பாவம், அவ்வளவு முயற்சியும் பலன் குறைந்த வழியில் போகிறது. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் கொப்பியை மூடச் சொல்லி, வெறுந்தாளில் இன்று படித்ததை எழுத வைத்து, பிறகு கொப்பியைத் திறந்து விடுபட்டதை வேறு நிறத்தில் போடச் சொல்லுங்கள். புள்ளி போட வேண்டாம். அடுத்த கிழமை, அடுத்த மாதம் அதே அலகைத் திரும்ப இப்படிக் கேளுங்கள். கடந்தகால வினாத்தாள்களையும் கடைசி மூன்று மாதத்துக்கு என்று வைக்காமல் அலகு முடிய முடியக் கொடுங்கள், விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய விட வேண்டாம்.

உயர்தர வகுப்புக்கு அந்த ஐந்து விடைப் பல்தேர்வு வினாக்களே போதும். ஒன்றைப் போட்டு, தனியாக விடை இலக்கத்தை எழுத வைத்து, சரி பிழை சொல்லாமல், பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, திரும்ப எழுத வையுங்கள். 2009இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் சிமித்தும் கூட்டாளிகளும் பிறப்புரிமையியல் வகுப்பொன்றில் இதைப் பார்த்தபோது, பேசிய பிறகு சரியான விடைகள் கூடின, குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாமலிருந்த இடத்திலும் கூடின.

சிலபஸ் பயம் எனக்கும் இருந்தது. 2014இல் ஸ்கொட் ஃபிறீமனும் குழுவும் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 சதவீதம் பேர் சித்தியடையவில்லை, பிள்ளைகள் தாங்களே ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம். அது பல்கலைக்கழக வகுப்புகளைப் பற்றியது, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரியூசனில் ஒரு தடவை சொல்லிக் கொடுத்ததை நீங்கள் இரண்டாம் தடவை சொல்லும் நேரம் இருக்கிறதே, அதை எடுங்கள். நோட்ஸ் சொல்லி எழுத வைக்கும் நேரத்தையும் எடுங்கள், வளநூல் கையில் இருக்கிறது. எல்லா அலகுக்கும் இப்படிச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒளித்தொகுப்பு, சுவாசம், பிரசாரணம், ஒடுக்கற்பிரிவு, கூர்ப்பு, இந்த ஐந்துக்கும் நேரம் கொடுங்கள், விலங்குப் பாகுபாடு போன்றவற்றை வேகமாகப் போய்விடலாம்.

விறகுக் கேள்விக்கு வாங்கிய துண்டுகளை எறியாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு இரண்டு தடவையும் வாங்கிய துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுங்கள். மண் என்று எழுதியவர்கள் எத்தனை பேரிலிருந்து எத்தனை பேரானார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், மாறாமல் நிற்பவர்கள் எழுதிய காரணங்களையும் சேர்த்து அனுப்பினால் அடுத்து எங்கே பிடிப்பது என்று பார்க்கலாம்.