ஐஸ் ஹொக்கி டீம்ல கனடாவா? முதல்ல பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குங்க

திருகோணமலை உவர்மலையில இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறா. மகளுக்கு 20 வயசு, ஸ்கூல் டீம்ல ஹொக்கி விளையாடின பிள்ளை. டவுன்ல ஒரு ஏஜென்சிக்காரர் கனடாவில நடக்கப்போற பெண்கள் சர்வதேச ஐஸ் ஹொக்கிப் போட்டிக்கு இலங்கை டீம் ஒண்டு போகுது, ஒரு இடம் இருக்கு, மொத்தம் 25 லட்சம், 8 லட்சம் அட்வான்ஸ் எண்டு சொல்லி பிள்ளையின்ர பாஸ்போர்ட்டையும் வாங்கி வச்சிருக்கிறாராம். காசுக்கு காணி உறுதியை ஈடு வைக்கப் பாக்கிறாங்க. தாயின்ர அக்கா ஸ்காபரோவில இருக்கிறா, அவவும் "ட்ரை பண்ணிப் பாரு" எண்டு சொல்லியிருக்கிறா. இப்பிடிப் போட்டி உண்மையா இருக்கா, நம்பிக் காசு குடுக்கலாமா எண்டுறதுதான் கேள்வி.

தங்கச்சி, குடுக்காதீங்க. உறுதி அலுமாரியிலயே இருக்கட்டும்.

போட்டி உண்மைதான், அதுலதான் சனம் மாட்டுப்படுது. பெண்கள் ஐஸ் ஹொக்கி உலகப் போட்டி 1990ல ஒட்டாவாவில தொடங்கினது, 1998ல இருந்து குளிர்கால ஒலிம்பிக்லயும் இருக்கு. 2025ல செக் குடியரசில நடந்த உலகப் போட்டி இறுதியாட்டத்தில அமெரிக்கா கனடாவை 4க்கு 3 எண்டு வெண்டது. அதே வருஷம் ஐக்கிய அரபு இராச்சியத்தில அல் ஐன்ல நடந்த ஆசியப் போட்டியில இந்தியப் பெண்கள் மூண்டாம் இடம் எடுத்தவங்க. உங்கட ஏஜென்ட் போன்ல ஃபோட்டோ ஏதும் காட்டியிருந்தா அதுவாத்தான் இருக்கும், "இந்தியா போகுதெண்டா நாம ஏன் போகேலாது" எண்டு கேட்டிருப்பார். இந்தியா சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனத்தில உறுப்பு நாடு, அந்தப் பிள்ளைகள்ல கனபேர் லடாக்கில உறைஞ்ச குளத்தில சறுக்கி வளந்தவங்க. இலங்கை அந்தச் சம்மேளனத்தில உறுப்பு நாடு இல்லை. உறுப்பு இல்லாத நாடு உலகப் போட்டிக்கு டீம் அனுப்பேலாது. அதோட மேல் பிரிவில 10 நாடுதான், மத்த நாடுகள் எல்லாம் கீழ்ப் பிரிவுகள்ல விளையாடி வெண்டு வெண்டுதான் மேல வரவேணும், காசு கட்டி வாங்கிற சீட் இல்லை அது.

நம்ம ஹொக்கியும் அதுவும் ஒண்டு இல்லை. மெக்கெய்சர் மைதானத்தில 11 பேர் ஓடி ஓடி பந்து அடிக்கிறது வேற, ஸ்கேட் போட்டுக்கொண்டு ஐஸ்ல 6 பேர் ஒரு ரப்பர் வில்லையை அடிக்கிறது வேற. கனடாவில நர்சரி வயசிலயே சறுக்கப் பழகுவாங்க. ஒருநாளும் ஐஸ்ல கால் வைக்காத பிள்ளையை தேசிய வீராங்கனை எண்டு எழுதினா விசா ஒஃபிசர் ஒரு கேள்வியில பிடிச்சிடுவார்.

2004ல இப்பிடித்தான், 23 பேர் இலங்கை ஹேண்ட்போல் டீம் எண்டு ஜெர்மனிக்குப் போனவங்க, அந்த நேரம் நம்ம நாட்டில அப்பிடி ஒரு தேசிய டீமே இல்லை, விளையாடின மட்ச் எல்லாம் தோத்து ஒரு நாள் காலையில பாத்தா ஆக்களைக் காணேல்ல, உலகம் முழுக்க செய்தி. அதுக்குப் பிறகு இலங்கை டீம் எண்டு ஒரு கட்டு விண்ணப்பம் போனா ஒஃபிசர் ரெண்டு தரம் பாக்காம விடுவாரா? உண்மையான தேசிய டீம் எண்டா 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி அமைச்சரின்ர அனுமதி வேணும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க, அதோட கதை முடியும்.

இப்ப காசுக் கணக்கு. கனடா விசிட்டர் விசாவுக்கு அரசாங்கக் கட்டணம் 100 கனேடியன் டொலர், கைரேகைக்கு 85. நம்ம காசுக்கு நாப்பதாயிரம் சொச்சம். 25 லட்சத்தில மிச்சம் ஆருக்கு? காசு வாங்கிக்கொண்டு கனடா விசா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்லுறதெண்டா லைசன்ஸ் எடுத்த கனடா ஆலோசகராவோ அங்கத்தய சட்டத்தரணியாவோ இருக்கவேணும், அந்த லைசன்ஸ் பட்டியல் இன்டர்நெட்ல எல்லாருக்கும் பாக்கலாம். "என்ர பேர் போடத் தேவையில்லை, நீங்களே அப்ளை பண்ணின மாதிரி அனுப்புவம்" எண்டு ஏஜென்ட் சொன்னா அந்த இடத்திலயே எழும்பி வாங்க. ஏனெண்டா ஃபோர்ம்ல பொய் இருந்தா மாட்டுறது பிள்ளைதான், அவர் இல்லை. பொய்த் தகவலுக்கு கனடா 5 வருஷம் தடை போடும். வெறும் பேப்பர்ல பிள்ளையைக் கையெழுத்து வைக்க விடாதீங்க, அட்வான்ஸை "கடனா வாங்கினது" எண்டு எழுத விடாதீங்க, வேற ஆரின்ரயோ பேங்க் கணக்கில போடாதீங்க. என்னட்ட வந்த ஒரு மூதூர்க் குடும்பம் இந்த மூண்டையும் செய்திட்டுத்தான் வந்தது, வழக்குப் போட்டு நாலு வருஷமாத் தவணை, தவணை, தவணை, ஒரு ரூபா திரும்பி வரேல்ல. பொலிசில முறைப்பாடு எழுதப் போனா "நீங்களாத்தானே குடுத்தீங்க" எண்டு கேக்கிறாங்க. ஏமாத்திக் காசு வாங்கிறது தண்டனைச் சட்டக்கோவையில 403ஆம் பிரிவில தெளிவா இருக்கிற குற்றம், அதை நாங்க போய் ஒவ்வொரு தரமும் படிச்சுக் காட்டவேண்டிக் கிடக்கு. எனக்கு இதுல இப்ப பொறுமை இல்லை.

ஒரு வழி மட்டும் நேர்மையா இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். பிள்ளை விளையாட இல்லை, பெரியம்மா வீட்டுக்குப் போய் நிண்டு, அங்க போட்டி ஏதும் நடந்தா பாத்திட்டு வர ஆசைப்பட்டா விசிட்டர் விசாவுக்கு தானே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் வேண்டாம். அக்கா அழைப்புக் கடிதம் எழுதவேணும், எத்தினை நாள் நிப்பா, ஆர் செலவு பாக்கிறது எண்டு தெளிவா. அக்கா செலவு பாக்கிறதெண்டா அவவின்ர சம்பளப் பத்திரம், வரி பத்திரம், கனடாவில என்ன ஸ்டேட்டஸ்ல இருக்கிறா எண்டுறதுக்கு ஆதாரம். உறவைக் காட்ட உங்களின்ரயும் அக்காவின்ரயும் பிறப்புப் பத்திரம், பிள்ளையின்ரதும் சேத்து. இங்கால பிள்ளை படிக்கிறாவா வேலை செய்றாவா, அதுக்குக் கடிதம். கணக்கில போன கிழமை போட்ட பெரிய தொகை உதவாது, சந்தேகம்தான் கூடும். போட்டிக்கு டிக்கெட் எடுத்து இணைச்சாலும் அதை வச்சு விசா தரமாட்டாங்க, அதால முதல் டிக்கெட் எடுக்காதீங்க. 20 வயசு, கலியாணம் கட்டாத, வேலை இல்லாத பிள்ளை எண்டா மறுக்கிறதுக்கு இடம் கூட, அதை மறைச்சுச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனா உண்மை எழுதி மறுத்தா தடை இல்லை, நிலைமை மாறினாப் பிறகு திரும்பவும் போடலாம்.

பாஸ்போர்ட்டுக்கு இப்பவே வேலை செய்யுங்க. ஏஜென்டுக்கு வட்ஸ்அப்பில, "இன்ன திகதிக்குள்ள பாஸ்போர்ட்டைத் திருப்பித் தாங்க" எண்டு எழுத்தில போடுங்க, வொய்ஸ் வேண்டாம். அவர் அனுப்பின பழைய மெசேஜ், வொய்ஸ் ஒண்டையும் அழிக்காதீங்க. போகேக்க ஒரு ஆம்பிளையையாவது ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்க. காசு கட்டினாத்தான் தருவன் எண்டா அண்டைக்கே பொலிசில முறைப்பாடு போட்டு அந்த இலக்கத்தை எழுதி வாங்குங்க, பேசாம வந்திடாதீங்க. பாஸ்போர்ட் அரசாங்கத்தின்ர சொத்து, அதை ஈடா வச்சுக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. கையில வந்த உடனே ஒவ்வொரு பக்கமாப் பிரட்டிப் பாருங்க, ஏதும் புது ஸ்டிக்கரோ சீலோ இருந்தா ஃபோட்டோ எடுத்துக்கொண்டு என்னட்ட வாங்க.